நடப்பவரின் கடன்: ஜவ்வாது மலைப் பாதைகளும் அவற்றை இட்ட உழைப்பும்

இயற்கைக் காட்சியையும் பழந்தொழில்களின் எச்சங்களையும் ஒரே நடையில் கண்டுவரும்படி அமைக்கப்படும் எளிய பாதைகள் ஐரோப்பாவில் கடந்த அரை நூற்றாண்டாகப் பெருகியுள்ளன. இங்கிலாந்தில் 1779-இல் எழுப்பப்பட்ட வார்ப்பிரும்புப் பாலத்தைச் சூழ்ந்த அயர்ன்பிரிட்ஜ் பள்ளத்தாக்கு 1986-இல் உலக மரபுச் சின்னமானது. ஜெர்மனியின் ரூர் வட்டாரத்தில் நின்றுபோன சுரங்கங்களும் உருக்காலைகளும் நடைபயணிகளும் மிதிவண்டிக்காரர்களும் வந்துபோகும் இடங்களாயின. அங்கே உலைகள் அணைந்துவிட்டன, உழைத்தவர்கள் மறைந்துவிட்டார்கள், புகை படிந்த சுவர்களில் செடி முளைத்துவிட்டது என்பதால், காண வருபவர் மன உறுத்தல் இன்றி நடக்க முடிகிறது. இத்தகைய பாதையின் அடியில் ஒரு மெய்யியல் அனுமானம் இருக்கிறது: இயற்கை ஒன்று, தொழில் வேறொன்று, பாதை இவ்விரண்டையும் இணைக்கிறது என்பதே அது. அந்த அனுமானம் எல்லா நிலத்துக்கும் பொருந்துமா என்பதும், பொருந்தாத நிலத்தில் இன்பத்துக்காக நடப்பவர் அந்நிலத்தின் உழைப்புக்கு ஏதேனும் கடன்பட்டவரா என்பதும் ஜவ்வாது மலையை முன்வைத்து ஆராயத்தக்க கேள்விகள்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது, வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. மலைமேல் பெரிய ஊர் ஜமுனாமரத்தூர். செய்யாறு இம்மலையில் பிறந்து செங்கம் வழியே இறங்கிப் பாலாற்றைச் சேர்கிறது. மலைவாழ் மக்கள் மலையாளி எனப்படும் பழங்குடியினர். கேரளத்தோடு தொடர்பில்லாத இவர்கள், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்று வாய்மொழி மரபாகச் சொல்லிவருகிறார்கள். சாமையும் கேழ்வரகும் விளைத்து, புளி, தேன், கடுக்காய் சேகரித்து வாழும் இவர்களுடைய ஒற்றையடித் தடங்களே பீமன் அருவிக்கும் கோலப்பன் ஏரிக்கும் இன்று சுற்றுலாப் பயணிகள் நடக்கும் வழிகளுக்கு மூலம். காட்டில் எந்தப் பாதையும் தானாக உண்டாவதில்லை. தலையில் சுமையோடு ஒருவர் நடந்த இடத்தில் மற்றொருவர் கைவீசி நடக்கிறார் என்பதை மனத்தில் இருத்தாமல் இம்மலையைப் பற்றி எழுதுவது கடினம்.

இயற்கையையும் தொழிலையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் தமிழ்ச் சிந்தனையின் தொடக்கத்தில் இல்லை. தொல்காப்பியம் ஒரு நிலத்தின் கருப்பொருள்களை, அதாவது அந்நிலத்தில் கருக்கொண்டு அதற்கே உரியவையாக அமைந்தவற்றை, வகைப்படுத்தும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை ஆகியவற்றோடு மக்கள் செய்யும் தொழிலையும் யாழையும் ஒரே வரிசையில் வைக்கிறது. மரம் முன்னதாகவே இருந்தது, மனிதர் பின்னர் வந்து அதன்மேல் தொழிலைச் சுமத்தினர் என்ற கால வரிசை அங்கே இல்லை. வேங்கை மரம் குறிஞ்சிக்கு எவ்வளவு உரியதோ அவ்வளவு உரியது தேன் அழித்தலும் தினைப்புனம் காத்தலும்.

இந்தக் கொள்கை வெறும் இலக்கண வகைப்பாடு அன்று என்பதற்குச் சான்றாக நிற்கும் நூல் இதே மலைச்சாரலைப் பாடுகிறது. பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம், செங்கத்தை ஆண்ட நன்னன் சேய் நன்னனிடம் பரிசில் பெற்ற கூத்தன், எதிரே வரும் மற்றொரு கூத்தனுக்கு வழி சொல்வதாகப் பெருங்கௌசிகனாரால் 583 அடிகளில் இயற்றப்பட்டது. இவ்வாறு பெற்றவர் பெறாதவரை ஆற்றுப்படுத்தும், அதாவது வழியில் செலுத்தும், பாட்டுக்கு ஆற்றுப்படை என்று பெயர். அந்நூலில் மலையில் எழும் ஒலிகளின் நீண்ட பட்டியல் ஒன்று வருகிறது. அருவியில் ஆடும் மகளிரின் ஆரவாரம், புலி பாய்ந்த கணவனின் புண்ணை ஆற்றப் பெண்கள் பாடும் பாட்டு, தேனடை எடுத்த கானவரின் களிப்பு, கிளி ஓட்டும் ஒலி, யானையைப் பழக்கும் பாகரின் பேச்சு, கரும்பு பிழியும் ஆலையின் ஓசை, தினை குற்றுவோர் பாடும் வள்ளைப் பாட்டு என்று அருவிக்கும் ஆலைக்கும் வேறுபாடு காட்டாமல் அவை ஒன்றையடுத்து ஒன்றாக வருகின்றன. மதம்பட்ட யானையாக உருவகிக்கப்படும் மலையின் முழக்கம் இவை அனைத்தும் சேர்ந்ததே. ரூர் வட்டாரத்தில் உலை அணைந்த பிறகு கிடைத்த பார்வை, இங்கே உலக்கை ஓயாத காலத்திலேயே இருந்தது எனலாம்.

ஆயினும் அந்நூல் மலையை இன்பச் சோலையாக மட்டும் காட்டவில்லை. பன்றிக்கு வைத்த பொறியைப் பார்த்து நட, யானையை விரட்டப் புனக்காவலர் எறியும் கவண்கல் உன்மேல் படாதபடி ஒதுங்கிச் செல் என்றெல்லாம் எச்சரிக்கும் அக்கூத்தன், பிறர் உழைக்கும் இடத்துக்குள் நடப்பவன் தன்னை விருந்தாளியாகவும் இடையூறாகவும் ஒருங்கே உணர வேண்டும் என்று கற்பிக்கிறான். வழி பிரியும் இடங்களில் புல்லை முடிந்து வைத்தால் பின்னால் வருபவர் தடம் தவறமாட்டார் என்ற அறிவுரையும் அங்கே உண்டு. தமிழ் இலக்கியத்தில் காணப்படும் மிகப் பழைய வழிகாட்டிப் பலகை அந்தப் புல்முடிச்சுதான். அதை இடுபவர் வனத்துறையோ சுற்றுலாத் துறையோ அல்லர், முன்னே நடந்தவர் என்பது கவனிக்கத்தக்கது.

வழியோரம் நிற்கும் நடுகற்களையும் அந்நூல் குறிப்பிடுகிறது. நடுகல் என்பது ஆநிரை கவர்ந்தோ மீட்டோ ஊர் காத்தோ இறந்தவனின் பெயரும் உருவமும் பொறித்து நட்டு வழிபடப்படும் கல். செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாக வெளியிட்டபோது, பல்லவர் காலத்து வட்டெழுத்துப் பொறிப்புகள் பல அறிஞர்களின் பார்வைக்கு வந்தன. அவற்றுள் எடுத்தனூர்க் கல் தனித்தன்மை உடையது. மகேந்திரவர்மனின் ஆட்சிக்காலத்தில் வெட்டப்பட்ட அக்கல்லில், இறந்துபட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனின் பின்னே அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்ற அந்த நாய் கள்வரைக் கடித்துக் காத்து நின்றதாகத் தனியே ஒரு பொறிப்பும் உள்ளது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு காவல்நாயின் பெயரைக் கல்லில் வெட்டுவது தகும் என்று இந்த மண் கருதியது. மாடு அன்றைய செல்வம். மாட்டுக்காக இறத்தல் தொழிலிடத்து மரணம். அம்மரணத்தைத் தெய்வமாக்கிய வழக்கம் வேடியப்பன் வழிபாடாக இன்றும் தொடர்கிறது. இப்பகுதியின் பல ஊர்களில் பழைய நடுகற்களே வேடியப்பன் என்ற பெயரில் பொங்கல் பெறுகின்றன.

மலைமேல் பட்டறைக்காட்டை அடுத்துள்ள கற்திட்டைகள் இவற்றினும் பழையவை. கற்திட்டை என்பது பாறைப் பலகைகளை நிறுத்தி மேலே மூடுகல் இட்டுப் பெருங்கற்கால மக்கள் இறந்தோர்க்கு அமைத்த கல்வீடு. முகப்புக் கல்லில் வட்டமாகத் துளையிடப்பட்ட இவ்வமைப்புகளைக் குள்ளர் குகை என்று அழைக்கும் மலைமக்கள், ஒரு காலத்தில் இங்கே குள்ளமான மனிதர் வாழ்ந்ததாகச் சொல்கிறார்கள். பாறையைப் பலகை பலகையாகப் பெயர்த்து, விளிம்பு சிதையாமல் வட்டம் வெட்டி, கூரைக்கல்லை ஏற்றிய கைகளின் திறன் அந்தக் கதையில் மறைந்துபோனாலும், இம்மலையில் கண்ணுக்குத் தெரியும் மிகப் பழைய தொழிலெச்சம் இறந்தவருக்குச் செய்த பணியாகவே இருக்கிறது.

இதுவரை சொன்னவற்றில் நிலமும் உழைப்பும் தெய்வமும் ஒன்றையொன்று அறிந்திருக்கின்றன. தினை விளைத்தவர் தினை உண்டார், மாடு காத்து இறந்தவரை மாட்டுக்காரர் வழிபட்டார். சிக்கல் சந்தனத்தில் தொடங்குகிறது.

சந்தனம் அரை ஒட்டுண்ணி மரம். தன் இலைகளால் உணவு தயாரித்துக்கொண்டாலும், அதன் வேர்கள் அக்கம்பக்கத்து மரஞ்செடிகளின் வேர்களில் உறிஞ்சு உறுப்புகளைப் பதித்து நீரையும் தாதுக்களையும் பெறுகின்றன. ஆகவே தனியே நட்ட சந்தனம் தழைப்பதில்லை. பழத்தைத் தின்ற பறவைகள் புதர்களில் இடும் எச்சத்திலிருந்து முளைத்து, பிற செடிகளின் நிழலில் வளர்ந்து, பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே அதன் நடுவில் மணமுள்ள வைரக்கட்டை உருவாகத் தொடங்குகிறது. வெளியே சூழ்ந்திருக்கும் வெண்கட்டைக்கு மணமில்லை. வேரிலோ எண்ணெய் மிகுதி. இதனால் சந்தனத்தை மற்ற மரங்களைப் போல அடியில் அறுப்பதில்லை, வேரோடு தோண்டி எடுக்கிறார்கள். ஜவ்வாது, ஏலகிரிக் காடுகளின் மரங்கள் திருப்பத்தூரிலுள்ள அரசுக் கிடங்குக்குக் கொண்டுவரப்பட்டு, வெண்கட்டை செதுக்கி நீக்கப்பட்டு, கட்டை, வேர், சில்லு, தூள் எனத் தரம் பிரிக்கப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்டன. திருப்பத்தூருக்குச் சந்தன நகரம் என்ற பெயர் அவ்வாறு வந்தது. மணமற்ற பகுதியை உளியால் சிறிது சிறிதாகச் சீவி, மஞ்சள் கலந்த பழுப்பு நிற வைரம் வெளிப்படும் இடத்தில் கையை நிறுத்தத் தெரிவது அத்தொழிலின் நுட்பம். உளி சற்றே ஆழமாக இறங்கினால் விலைமதிப்புள்ள கட்டை சில்லாகச் சிதறிவிடும்.

தனியார் நிலத்தில் முளைத்தாலும் சந்தனம் அரசுக்கே உரியது என்ற விதி தென்னிந்தியாவில் நெடுங்காலம் இருந்தது. மைசூரில் 1792-இல் திப்பு சுல்தான் அதை அரசமரமாக அறிவித்தது இதன் நன்கறியப்பட்ட தொடக்கம். தம் கொல்லையில் வளர்ந்த மரத்தால் பெரிய பயனில்லை, அது திருடுபோனால் விசாரணை மட்டும் வீடு தேடி வரும் என்ற நிலையில், கன்றைக் காக்க மலைவாழ் உழவருக்குக் காரணம் இருக்கவில்லை. விதி தளர்ந்தபோது காட்டின் பெருமரங்கள் பெரும்பாலும் போய்விட்டிருந்தன. உலக அளவில் இம்மரம் 1998 முதல் அழிவாய்ப்புள்ள இனமாகக் கணிக்கப்படுகிறது. மரம் வெட்டும் திறன் மட்டும் மலையில் எஞ்சியது. அத்திறனைக் கூலிக்கு வாங்கியவர்கள் அதை ஆந்திரத்தின் செம்மரக் காடுகளுக்குத் திருப்பினார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லப்பட்ட 20 தமிழர்கள் காவல்துறையின் அதிரடிப்படையால் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அவர்களில் ஜவ்வாது மலைப் பகுதியினரும் இருந்தனர்.

இங்கே எழும் சமயக் கேள்வி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஐவகை உபசாரம் எனப்படும் வழிபாட்டு முறையில் சந்தனம், மலர், தூபம், தீபம், நிவேதனம் ஆகிய ஐந்தும் ஐம்பூதங்களின் குறியீடுகளாக இறைவனுக்கு அளிக்கப்படுகின்றன. அவற்றுள் சந்தனம் நிலத்துக்கு உரியது, ஏனெனில் மணமே நிலத்தின் சிறப்புப் பண்பு என்று நியாய, வைசேடிக நூல்கள் கொள்கின்றன. ஆகவே கருவறையில் சந்தனக் காப்பிடும்போது பூமியே இறைவன்மேல் பூசப்படுகிறது என்பது கோட்பாடு. அந்தப் பூமி எந்த மலையிலிருந்து, யாருடைய தோளில் இறங்கிவந்தது என்பதைக் கோட்பாடு கேட்பதில்லை. படைக்கும் பொருளின் தூய்மை படைப்பவரின் உள்ளத்தில் இருக்கிறது, பொருளின் வரலாற்றில் இல்லை என்று பக்தி மரபு விடை சொல்லக்கூடும். அதற்குத் துணையாகக் கண்ணப்பரையும் காட்டக்கூடும். ஆனால் கண்ணப்பர் கதை அந்த விடைக்கு முழுமையாக உதவாது. காளத்தி மலை வேடராகிய அவர் படைத்த இறைச்சி அவரே வேட்டையாடி, அவரே சுட்டு, அவரே சுவைபார்த்துக் கொண்டுவந்தது. அவருடைய தொழிலுக்கும் வழிபாட்டுக்கும் இடையே மூன்றாமவர் எவரும் மறைந்திருக்கவில்லை. கடையில் வாங்கிய சந்தனவில்லையில் அந்த நேர்மை இல்லை. கண்ணப்பர் பெருமையைப் பேசுவோர் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வது அரிது.

சமணம் இக்கேள்வியை நேராக எதிர்கொண்டது. ஜவ்வாதுக்குக் கிழக்கே போளூரை அடுத்த திருமலையில் குந்தவை ஜினாலயமும் பாறையில் செதுக்கிய உயர்ந்த நேமிநாதர் சிற்பமும் உள்ளன. ஆரணி, வந்தவாசி வட்டாரங்களில் தமிழ்ச் சமணர்கள் இன்றும் வாழ்கிறார்கள். தீங்கைத் தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல் ஆகிய மூன்றும் வினையாகவே ஒட்டும் என்பது அவர்களுடைய கொள்கை. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரமும் வாங்குவோர் இல்லையேல் விற்போர் இல்லை என்ற வாதத்தால் உண்பவரையும் கொலையின் பொறுப்புக்குள் கொண்டுவருகிறது. இந்த அளவுகோலைச் சந்தனத்துக்கும் நீட்டினால், காப்பிடுபவரும் கும்பிடுபவரும் மரம் தோண்டியவரோடு ஒரே கணக்கில் வந்துவிடுவார்கள். எல்லாரையும் ஒரே அளவில் குற்றவாளியாக்குவது நியாயமன்று என்ற மறுப்பு சரியானதே. பசிக்குக் கோடரி எடுத்தவரும் மணத்துக்குப் பணம் கொடுத்தவரும் சமமல்லர். எனினும் பொறுப்பின் அளவு வேறுபடுவதால் தொடர்பே இல்லை என்று ஆகிவிடாது.

தோல் பதனிடும் தொழிலிலும் இதே மறைவு நிகழ்ந்தது. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதிகளில் ஆவாரம்பட்டையும் கொன்றைப்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடப்பட்ட காலத்தில், சுற்றியுள்ள காடும் மலையும் அத்தொழிலின் மூலப்பொருள் அறையாக இருந்தன. பின்னர் குரோமிய உப்பு வந்தபோது காட்டின் பங்கு குறைந்து, ஆற்றின் சுமை கூடியது. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற நெறியையும், கேடு உறுதியாக நிறுவப்படும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற நெறியையும் இந்தியச் சட்டத்தின் பகுதிகளாக்கியது. செய்வித்தவரின் பொறுப்பு என்ற சமணக் கருத்தின் சாயல் ஒரு தோல் வழக்கில் சட்டவடிவம் பெற்றது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம்; நீதிபதிகள் அந்த மரபை எண்ணி எழுதவில்லை என்பதும் உண்மை.

மலையின் மற்றொரு தொழிற்கூடம் வேறு இயல்புடையது. காவலூரில், 725 மீட்டர் உயரத்தில், சந்தன மரங்கள் வளரும் காட்டின் நடுவே, வானியலாளர் வைணு பாப்பு 1960-களின் இறுதியில் தொடங்கிய வானாய்வகம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1972-இல் நிறுவப்பட்ட ஒரு மீட்டர் தொலைநோக்கி, 1977-இல் யுரேனஸ் கோளின் வளையங்களை உலகம் அறிந்த நிகழ்வில் பங்கேற்றது. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி, பாப்பு மறைந்த பிறகு 1986-இல் இயங்கத் தொடங்கியது. இத்தொழிற்கூடம் மலையிலிருந்து எதையும் வெட்டி எடுப்பதில்லை; அது கேட்பது இருட்டை மட்டுமே. ஆனால் விளக்கொளி பெருகாமல் இருக்க வேண்டும் என்ற அதன் தேவையும் மலைமக்களின் மேல் வைக்கப்படும் ஒரு கோரிக்கைதான் என்பதால், நிலத்துக்குச் சுமையில்லாத அறிவு என்று எதுவும் இல்லை என்பதற்குச் சான்றாக அதையும் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது.

நடத்தலைப் பற்றி இவ்வட்டாரச் சமயங்கள் தனித்தனியே சிந்தித்துள்ளன. திருவண்ணாமலையில் சுமார் 14 கிலோமீட்டர் வலம் வருபவர் மலையை அடைவதற்கு நடக்கவில்லை, அதை வலப்பக்கம் இருத்திச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறார். மலை காணப்படும் பொருளாக இல்லாமல் காணும் பெரியோனாக அங்கே இருக்கிறது. சமணத் துறவியின் ஐந்து சமிதிகளில், அதாவது கவன ஒழுக்கங்களில், முதலாவதாகிய ஈரியா சமிதி, நான்கு முழத் தொலைவு தரையைப் பார்த்து உயிர்கள் மிதிபடாதபடி நடக்கச் சொல்கிறது. மலைவலம் பணிவைக் கற்பிக்கிறது, ஈரியா சமிதி கவனத்தை. ஆனால் இரண்டுமே பாதையை ஏற்கெனவே இருக்கும் ஒன்றாகக் கொள்கின்றன. அதை இட்டவர் யார் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு மிக அருகில் வந்தவன் மலைபடுகடாத்தின் கூத்தன்தான், ஏனெனில் அவன் புனக்காவலனையும் தேனெடுப்பவனையும் வழியின் பகுதியாகவே சொல்கிறான், அவர்கள் தரும் உணவை உண்டு செல்லவும் சொல்கிறான்.

ஆகவே ஜவ்வாதில் அருவியையும் கற்திட்டையையும் வானாய்வகத்தையும் இணைத்து ஓர் எளிய நடைபாதை வகுக்கப்படுமானால், அதன் முறைமை கடைசியில் ஒரு நடைமுறைக் கேள்வியால் அளக்கப்படும்: வழி சொல்பவர் யார்? 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கடுக்காய், தேன், புளி போன்ற சிறுவன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் பழங்குடியினருக்குள்ள உரிமையை ஒப்புக்கொள்கிறது. சேகரிப்பவரின் தடமே நடைபாதையாகும் இடத்தில், அவரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டுப் பயணியை நடத்திச் செல்லும் ஏற்பாடு, சட்டத்தோடு முரண்படாவிட்டாலும் கருப்பொருள் கொள்கையோடு முரண்படும். மாறாக, எந்தச் சரிவில் சந்தனம் நின்றது, எப்போது போனது, யார் கொண்டுபோனார்கள், வெட்டப் போனவர்களில் திரும்பாதவர் எத்தனை பேர் என்பதை மலையாளிக் குடும்பத்தவர் ஒருவரே தம் மொழியில் சொல்லி அழைத்துச் செல்வாரானால், கேட்பவருக்கு அந்த நடை இன்பமாக மட்டும் இராது. சுற்றுலா வளர்ச்சி பேசுவோர் அதை விரும்பாமல் போகலாம். எடுத்தனூர்க் கல்லில் நாயின் பெயரை வெட்டச் சொன்னவர்கள் விரும்பியிருப்பார்கள்.